பாடநூல் தாளுக்குள் ஒரு வினையூக்கி

(மயிலாப்பூரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையேயும் தொடக்கநிலை ஆசிரியர்களிடையேயும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு வினைவேகத்தைப் பாதிக்கும் காரணிகள். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர்கள் ஆண்டுதோறும் கடந்து வருகிற பகுதி. வினைபடு பொருளின் தன்மை, செறிவு, வெப்பநிலை, அழுத்தம், புறப்பரப்பு, வினையூக்கி. பிள்ளைகள் ஆறையும் வரிசையாக எழுதிவிடுவார்கள், மதிப்பெண்ணும் வந்துவிடும். தேர்வைப் பொறுத்தவரை இந்தப் பகுதியில் நமக்குச் சிக்கல் இல்லை.

எனக்குச் சிக்கலாகப்படுவது வேறு. வினையூக்கி என்றால் என்ன என்று கேட்டால், "தான் எந்த மாற்றமும் அடையாமல் வினையை வேகப்படுத்துவது" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். சரி, மாற்றமே அடையாமல் அது எப்படி வேகப்படுத்துகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அமைதிதான். பொட்டாசியம் குளோரேட்டுடன் மாங்கனீசு டை ஆக்சைடு சேர்க்கிறோம், ஆக்சிஜன் சீக்கிரம் வருகிறது. கறுப்புப் பொடி கறுப்புப் பொடியாகவே கிடக்கிறது. பிள்ளைகளுக்கு அது மந்திரவாதி தூவும் பொடி மாதிரி. தீண்டாமலே வேலை செய்யும் ஒன்று வேதியியலில் கிடையாது என்பதை அந்த எடுத்துக்காட்டு காட்டித் தருவதில்லை.

சில ஆண்டுகளாக நான் இந்தப் பாடத்தைக் காகிதத்தை வைத்து நடத்தி வருகிறேன். காகிதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிமையானது. ஆய்வகத்தில் ரசாயனம் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பாடநூல் இருக்கிறது. பல பாடநூல்களின் கடைசிப் பக்கத்தில் எத்தனை ஜி.எஸ்.எம். எலிகண்ட் மேப்லித்தோ தாளில் அச்சிடப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை வாசிக்கச் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குவேன். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில். ஒரு பக்கத்தின் நீள அகலத்தை அளந்து, புத்தகத்தில் எவ்வளவு காகிதம் இருக்கிறது என்று கணக்குப் போடச் சொல்வேன். புத்தகத்தைத் தராசில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். கணக்கு ஆசிரியர்களும் இந்தப் பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, இந்தத் தாள் எதிலிருந்து வருகிறது என்ற கேள்வி. "மரத்திலிருந்து" என்று எல்லோரும் கத்துவார்கள். தொடக்கப்பள்ளியிலேயே நாம் சுவரில் எழுதிப் போட்ட வாசகம் அது. காகிதத்தை வீணாக்காதே, மரத்தைக் காப்பாற்று. தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் நம் மாநிலத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். கிண்டியில் அண்ணா சாலையில் பேருந்தில் போகும்போது தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். டி.என்.பி.எல். என்று சொல்வோம். 1979-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நிறுவனம். ஆலை கரூர் மாவட்டம் புகளூர் அருகே காகிதபுரத்தில் இருக்கிறது. 1984-ல் உற்பத்தி தொடங்கியபோது அதன் திறன் ஆண்டுக்கு 90,000 டன், இப்போது 4 லட்சம் டன். அது மரத்தை நம்பித் தொடங்கப்பட்ட ஆலை அல்ல, கரும்புச் சக்கையை நம்பித் தொடங்கப்பட்டது. சர்க்கரை ஆலைகள் அதுவரை சக்கையைத் தங்கள் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. சக்கையை எங்களுக்குக் கொடுங்கள், அதற்கு ஈடாக எரிபொருள் தருகிறோம் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். இன்றும் சக்கைதான் அதன் முக்கிய மூலப்பொருள்களில் ஒன்று. கூடவே மரமும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி உழவர்கள் பயிராக வளர்த்து வெட்டித் தரும் சவுக்கும் தைலமரமும். நெல்லைப் போல அதுவும் ஒரு சாகுபடி, வெட்டினால் திரும்ப நடுவார்கள்.

ஆக, காகிதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது மரம் வெட்டுவதைப் பற்றி மட்டுமல்ல. வெட்டிய மரத்தில் எவ்வளவு காகிதமாகிறது, எவ்வளவு கரைந்து போகிறது, அதற்கு எவ்வளவு நீரும் ரசாயனமும் செலவாகின்றன என்ற கேள்விகளும் இருக்கின்றன. வேதியியல் இங்கேதான் உள்ளே வருகிறது.

மரத்தை உலர்த்தி எடை போட்டால் ஏறத்தாழ 40 முதல் 45 விழுக்காடு செல்லுலோஸ். கால் பங்குக்கு மேல் ஹெமிசெல்லுலோஸ். 20 முதல் 30 விழுக்காடு லிக்னின். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சரம், அதுதான் நார். லிக்னின் அந்த நார்களை ஒட்டி வைக்கும் பசை. மரத்தை நிமிர்ந்து நிற்க வைப்பது அந்தப் பசைதான். காகிதம் செய்ய நமக்கு நார் வேண்டும், பசை வேண்டாம். பசையோடு சேர்த்து அரைத்தே காகிதம் செய்ய முடியும். செய்தித்தாளுக்கு அப்படித்தான் செய்வார்கள். விலை குறையும், ஆனால் வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும். லஸ் முனையில் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அரை நூற்றாண்டுக்கு முந்தைய மலிவுப் பதிப்பு நாவலைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கம் தேநீர் நிறத்தில் இருக்கும், மடித்தால் ஒடியும். மஞ்சளாவது பெரும்பாலும் லிக்னின் செய்கிற வேலை. ஒடிவதற்குத் தாளில் சேர்த்த படிகாரத்தின் அமிலமும் காரணம்.

பசையை நீக்குவதற்கு மரத்தை வேக வைக்க வேண்டும். மரத்தைச் சிறு சில்லுகளாக நறுக்கி, பெரிய கொள்கலனில் போட்டு, காரக் கரைசல் ஊற்றி, அழுத்தத்தில் 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். நம் வீட்டு பிரஷர் குக்கரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கரும்பலகையில் ஆறு காரணிகளையும் எழுதிவிட்டுப் பிள்ளைகளையே பொருத்தச் சொல்வேன். ஏன் சில்லாக நறுக்குகிறார்கள்? புறப்பரப்பு. ஏன் 170 டிகிரி? வெப்பநிலை. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடுமே, எப்படி அதற்கு மேல் போகிறது? அழுத்தம் கொதிநிலையை உயர்த்துவதால். காரம் எவ்வளவு என்பது செறிவு. சக்கை சீக்கிரம் வேகிறது, சவுக்கு வேக நேரமாகிறது, அது வினைபடு பொருளின் தன்மை. ஐந்து பொருந்திவிடும். ஆறாவது மட்டும் மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

கரைசலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மரத்துக்கு உலகில் பெரும்பாலும் பயன்படுவது கிராஃப்ட் முறை. கிராஃப்ட் என்றால் ஜெர்மன் மொழியில் வலிமை. கார்ல் டால் என்பவர் 1884-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசல். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் துணி வாங்கினால் தருகிற பழுப்புக் காகிதப் பை இருக்கிறதே, வெளுக்காமல் விட்ட கிராஃப்ட் கூழ் அப்படித்தான் இருக்கும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளை நம் அரசு தடை செய்த பிறகு அந்தப் பைகளை அதிகமாகப் பார்க்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறிவியலில் பின்தங்கியவன் என்று பட்டியலில் இருந்த பையன். வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். அவன் அப்பா பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறார். நான் மேசைமேல் நாலைந்து விதத் தாள்களைப் பரப்பி, எது எந்தக் கூழ் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் கடைசி வரிசையிலிருந்து, "மிஸ், அத கிழிக்கிற சத்தத்துலயே சொல்லலாம்" என்றான். வந்து சொல்லு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நான் கிழிக்கக் கிழிக்க, நியூஸ் பேப்பர், நோட்டு, ஆர்ட் பேப்பர், பிரவுன் கவர் என்று ஒன்று விடாமல் சொன்னான். பிரவுன் கவரைக் கிழிக்கக் கையில் பலம் வேண்டும், கிழிந்த ஓரத்தில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் என்றான். மற்ற பிள்ளைகள் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தார்கள், அப்படித்தான் இருந்தது. நீண்ட நார், சிதையாத நார் என்று நான் சொல்லித் தர வேண்டியதை அவன் விரல் ஏற்கெனவே அறிந்து வைத்திருந்தது. அந்தப் பாடம் முடியும்வரை நாலு நாளும் பள்ளிக்கு வந்தான். அதற்கு மேல் மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. வருகைப் பதிவேட்டில் பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் பொதுத் தேர்வு விடைத்தாளில் எங்கேயும் இடம் இல்லாத அறிவோடு ஒரு பிள்ளை நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு அன்று உறைத்தது.

சரி, வேக வைத்தாகிவிட்டது. 100 கிலோ உலர்ந்த மரம் போட்டால் எவ்வளவு கூழ் கிடைக்கும்? பிள்ளைகள் 70, 80 என்பார்கள். பசை கால் பங்குதானே, அதை எடுத்தால் முக்கால் பங்கு மிஞ்ச வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் உண்மையில் கிடைப்பது 45 முதல் 50 கிலோ. மிச்சம் எங்கே போயிற்று?

காரம் பசையோடு நிற்பதில்லை, நாரையும் தின்கிறது. எப்படித் தின்கிறது என்பதற்கு மயிலாப்பூர்ப் பிள்ளைகளிடம் நான் சொல்லும் உவமை பூச்சரம். மாட வீதியில் பூக்காரம்மா சரம் கட்டி முழம் போட்டு வெட்டியதும் கடைசியில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு இல்லாவிட்டால் நுனிப் பூ உதிரும், அடுத்த பூ உதிரும், ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டே போகும். செல்லுலோஸ் சரத்துக்கு ஒரு நுனியில் ஆல்டிஹைடாக மாறக்கூடிய குளுக்கோஸ் இருக்கிறது. மேல்நிலை வகுப்பில் பெலிங் கரைசலை ஒடுக்குகிறதே, அதே பண்பு. சூடான காரத்தில் சரம் அந்த நுனியிலிருந்துதான் அவிழ்கிறது. ஒரு குளுக்கோஸ் கழன்று கரைந்ததும் அடுத்த குளுக்கோஸ் நுனியாகிவிடும். இப்படிச் சில பத்துப் பூக்கள் உதிர்ந்த பிறகுதான் தானாக நிற்கும். ஹெமிசெல்லுலோஸ் சரம் குட்டையானது என்பதால் இழப்பு அதற்கு இன்னும் அதிகம்.

நுனியில் ஒரு முடிச்சுப் போட முடிந்தால்? ஆல்டிஹைடை ஆக்சிஜனேற்றம் செய்து அமிலத் தொகுதியாக மாற்றிவிட்டால் சரம் அவிழாது. பன்னிரண்டாம் வகுப்பில் குளுக்கோஸ் குளுக்கோனிக் அமிலமாகும் வினை எழுதுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் டன் கணக்கில் மரத்துக்கு ஆக்சிஜனேற்றி எவ்வளவு ஊற்றுவது? கட்டுப்படியாகாது.

இங்கேதான் ஆறாவது காரணி வருகிறது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியில் பாக், ஃபீன் என்ற இருவர் ஆந்த்ரகுயினோன் வகைச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு சேர்த்தால் கூழ் கூடுகிறது என்று கண்டார்கள். 1977-ல் கனடாவில் ஹோல்டன், ஆந்த்ரகுயினோனையே நேரடியாகச் சேர்த்துக் காட்டினார். வெளிர்மஞ்சள் பொடி, தண்ணீரில் ஏறத்தாழக் கரையாது. மரத்தின் எடையில் 0.05 முதல் 0.1 விழுக்காடு போதும். ஒரு டன் சில்லுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ. இவ்வளவு குறைவான பொடி இவ்வளவு வேலை செய்வதைப் பார்த்துத் தொழில் உலகமே வியந்தது.

அது என்ன செய்கிறது? சரத்தின் நுனியிலிருந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. நுனி ஆக்சிஜனேற்றம் அடைந்து முடிச்சு விழுகிறது. எலக்ட்ரான் வாங்கிய ஆந்த்ரகுயினோன் ஒடுக்கமடைந்து ஆந்த்ராஹைட்ரோகுயினோன் ஆகிறது. இப்போது அது காரத்தில் கரையும், ஆழ்ந்த சிவப்பு நிறமாகவும் மாறிவிடும். கரைந்ததால் சில்லுக்குள் நுழைகிறது. அங்கே லிக்னினிடம் அந்த எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. லிக்னினின் பிணைப்பு உடைந்து பசை துண்டாகிக் கரைகிறது. எலக்ட்ரானைக் கொடுத்துவிட்ட பொடி மீண்டும் பழைய ஆந்த்ரகுயினோன். திரும்பச் சரத்தின் நுனிக்குப் போகிறது.

வகுப்பில் இதை ஷேர் ஆட்டோ என்று சொல்லித்தான் நடத்துவேன். லஸ்ஸில் ஆள் ஏற்றுகிறது, தியாகராய நகரில் இறக்குகிறது, காலியாகத் திரும்பி வருகிறது. ஆட்டோ பத்துதான், ஆனால் நாள் முழுக்க ஆயிரம் பேர் போய்ச் சேர்கிறார்கள். பயணி எலக்ட்ரான், ஏறுமிடம் செல்லுலோஸ் நுனி, இறங்குமிடம் லிக்னின். ஆள் ஏறிய ஆட்டோ சிவப்பு, காலி ஆட்டோ மஞ்சள். இப்படிச் சொன்ன பிறகு, "வினையூக்கி மாற்றம் அடைகிறதா இல்லையா?" என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது. "மாறுது மிஸ், ஆனா திரும்பி வந்துடுது." எனக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். ஒரு பெண், "ஆட்டோ நடுவுல ரிப்பேர் ஆகாதா?" என்று கேட்டாள். ஆகும். ஆந்த்ரகுயினோனின் ஒரு பகுதி பக்க வினைகளில் வீணாகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறை வேக வைக்கும்போதும் புதிதாகச் சேர்க்கிறார்கள். வினை முடிவில் வினையூக்கியின் அளவு அப்படியே இருக்கும் என்று நாம் எழுத வைப்பது இலட்சிய நிலை. ஆலையில் அதற்கும் தேய்மானம் உண்டு.

இனி லாபக் கணக்கு. இதைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். கூழ் 45 விழுக்காடு கிடைத்தால் ஒரு டன் கூழுக்கு 2,222 கிலோ உலர்ந்த மரம் வேண்டும். 47 விழுக்காடு கிடைத்தால் 2,128 கிலோ போதும். வித்தியாசம் 94 கிலோ. சேர்த்த பொடி 0.1 விழுக்காடு என்று வைத்தால் 2 கிலோவுக்குச் சற்று மேல். 2 கிலோ பொடி 94 கிலோ மரத்தை மிச்சப்படுத்துகிறது. ஒரு லட்சம் டன் கூழுக்கு 9,400 டன் மரம். "மரத்தைக் காப்பாற்று" என்ற சுவர் வாசகத்துக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கையும் எழுதி வைக்கலாம்.

கரும்புச் சக்கைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சக்கையும் வைக்கோலும் மரத்தைவிட எளிதில் வேகக்கூடியவை. ஆகவே சல்பைடு இல்லாமல், வெறும் சோடியம் ஹைட்ராக்சைடும் கொஞ்சம் ஆந்த்ரகுயினோனும் வைத்தே நல்ல கூழ் எடுத்துவிட முடியும். சோடா-ஆந்த்ரகுயினோன் முறை என்று இதற்குப் பெயர். கந்தகம் இல்லாததால் நாற்றமும் இல்லை. கிராஃப்ட் முறையில் வேக வைக்கும்போது மெத்தில் மெர்கேப்டான் போன்ற கந்தகச் சேர்மங்கள் உண்டாகும். அழுகின முட்டைக்கோஸ் வாடை அடிக்கும்.

அடையாற்றில் 1948-லிருந்து இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பக்கம் போகிறவர்களுக்கு இந்தச் செய்தி சுவையாக இருக்கும். தோல் பதனிடும்போது ரோமத்தை நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கிற ரசாயனம் அதே சோடியம் சல்பைடுதான். அங்கேயும் அதைக் குறைக்க நொதிகளை வைத்து வழி கண்டிருக்கிறார்கள். மரத்தின் லிக்னினும் மாட்டின் ரோமமும் வேறு வேறு பொருள்கள். ஆனால் இரண்டு தொழிலும் ஒரே சல்பைடை விட்டு விலகத்தான் பாடுபடுகின்றன. வேதியியலும் உயிரியலும் எடுப்பவர்கள் சேர்ந்து நடத்தினால் ஒரு நல்ல பாடவேளை கிடைக்கும்.

வேக வைத்த பிறகு மிஞ்சும் கறுப்புத் திரவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைச் சுண்டக் காய்ச்சி எரிக்கிறார்கள். கரைந்த லிக்னின் எரிபொருளாகிறது, நீராவியும் மின்சாரமும் கிடைக்கின்றன. அடியில் தங்கும் உப்பில் முக்கியமானது சோடியம் கார்பனேட். அதோடு நீற்றிய சுண்ணாம்பு சேர்த்தால் சோடியம் ஹைட்ராக்சைடு திரும்பக் கிடைக்கும், கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகும். நாம் இரட்டை இடப்பெயர்ச்சிக்கு எழுத வைக்கும் அதே வகைச் சமன்பாடு. அந்தச் சுண்ணாம்புக் கசட்டோடு சாம்பலும் சேர்த்து டி.என்.பி.எல். சிமென்ட்டும் தயாரிக்கிறது.

ஆந்த்ரகுயினோன் என்ற பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அதற்கு நான் தமிழ் ஆசிரியரின் துணையோடு ஒரு வேலை செய்கிறேன். நம் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பு ஏற்றப் பயன்பட்ட சாயவேர் தெரியுமா? அந்தச் சிவப்பு அலிசாரின், ஆந்த்ரகுயினோன் குடும்பத்தைச் சேர்ந்தது. 1868-ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் இருவரும் அலிசாரினை ஆய்வகத்தில் தயாரித்தபின் உலகெங்கும் வேர்ச் சாயத் தொழில் சரிந்தது. சாயவேர் தோண்டி வாழ்ந்த குடும்பங்களின் கதையைச் சமூக அறிவியலில் சொல்லலாம். பாட்டி வயிற்றுக்குக் கொடுத்த நிலாவாரை இருக்கிறதே, திருநெல்வேலிப் பெயரோடு உலகச் சந்தைக்குப் போகிற மூலிகை, அதில் வேலை செய்வதும் இதே குடும்பத்துச் சேர்மங்கள்தான். பெயர்தான் நீளம், ஆள் நமக்குப் பழக்கமானவர்.

பழக்கமானவர் என்பதால் பாதுகாப்பானவர் என்று பொருளல்ல. அதையும் வகுப்பில் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, விலங்குச் சோதனைகளின் அடிப்படையில் ஆந்த்ரகுயினோனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. 2013-ல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், உணவைத் தொடும் காகிதம் தயாரிக்கும்போது பயன்படுத்தலாம் என்ற பட்டியலிலிருந்து அதை நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் தேயிலையில் அதற்கு வைத்திருக்கிற வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். தேயிலைக்குள் அது எப்படி வந்தது என்று தேடியபோது உலர்த்தும் அடுப்பின் புகையோடு பொதி கட்டும் காகிதமும் சந்தேகத்துக்கு உள்ளானது. மரத்தை மிச்சப்படுத்திய அதே பொடி தேயிலை ஏற்றுமதிக்காரருக்குத் தலைவலி.

இதைச் சொன்னதும் ஒருவன் பாடநூலை மேசையில் தள்ளி வைத்தான். "மிஸ், நான் எச்சி தொட்டுத்தான் பக்கம் திருப்புவேன்." வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. கூழைப் பலமுறை கழுவுகிறார்கள், பிறகு வெளுக்கிறார்கள், பொடியின் பெரும்பகுதி போய்விடுகிறது. மிஞ்சுவது மிகச் சொற்பம். கவலை, உணவு நேரடியாகப் பட்டுக் கிடக்கும் தாளைப் பற்றியது. எச்சில் தொட்டுத் திருப்பும் பழக்கத்தை விட வேறு காரணங்கள் போதும் என்று சொன்னேன். அங்கிருந்து பேச்சு செய்தித்தாளில் மடித்துத் தரும் பஜ்ஜிக்குப் போயிற்று. அச்சு மை உணவில் கலக்கும் என்பதால் செய்தித்தாளில் உணவு பொதியக் கூடாதென்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமே அறிவுறுத்தியிருக்கிறது. அன்று மாலை எத்தனை பேர் பஜ்ஜி சாப்பிடாமல் இருந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

இந்தப் பகுதியைச் சிலர் தவிர்க்கச் சொல்கிறார்கள். ரசாயனம் என்றாலே பிள்ளைகள் பயப்படுகிறார்கள், இன்னும் ஏன் பயமுறுத்த வேண்டும் என்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் இதற்குப் பிறகு வேதியியல் படிக்கப் போவதில்லை. ஒரு பொருள் எவ்வளவு, எங்கே, யார் மேல் படுகிறது என்று கேட்டுத்தான் நல்லது கெட்டது சொல்ல முடியும் என்பதை அவர்கள் கற்றுக்கொள்ள இதுதான் கடைசி வாய்ப்பு.

இனி வகுப்பறையில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு எளிமையான ஒன்று: செய்தித்தாளின் அச்சில்லாத ஓரத்தையும் வெள்ளை நோட்டுத் தாளையும் அட்டையில் ஒட்டி, மேலே ஒரு சாவியை வைத்து மாடி வெயிலில் நாலைந்து நாள் விடுங்கள். செய்தித்தாள் மஞ்சளாகும், சாவி இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சாவி வடிவிலேயே நிற்கும். நோட்டுத் தாளில் அவ்வளவு மாற்றம் தெரியாது. லிக்னின் என்ற சொல்லே வேண்டாம், 'மரத்துப் பசை' என்று சொன்னால் போதும்.

நடுநிலை வகுப்புகளுக்கு அயோடின். நீர்த்த அயோடின் ஒரு சொட்டு நோட்டுத் தாளில் விட்டால் கருநீலமாகும். மை ஊறாமல் இருக்கத் தாளின் மேல் ஸ்டார்ச் பூசியிருக்கிறார்கள். ஆய்வகத்து வடிதாளில் அந்த நிறம் வராது. இரண்டும் செல்லுலோஸ்தானே, ஏன் ஒன்று மட்டும் நீலமாகிறது என்று கேட்க வைக்கலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதும் நல்லது. நிரப்பியாகக் கால்சியம் கார்பனேட் சேர்த்த தாளாக இருந்தால் நுண்ணிய குமிழ்கள் வரும், காதருகே வைத்தால் சத்தம்கூடக் கேட்கும்.

பத்தாம் வகுப்புக்குக் கரும்புச் சக்கைக் கூழ். பாண்டி பஜாரிலோ லஸ்ஸிலோ கரும்புச் சாறு கடையில் சக்கை சும்மாவே கிடைக்கும். நன்கு அலசி உலர்த்தி, 100 கிராம் எடை போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே பஞ்சு மாதிரி இருக்கும் சோற்றை உதிர்த்து நீக்க வேண்டும். ஆலையிலும் முதல் வேலை அதுதான், சோறு காகிதமாகாது. இரண்டு லிட்டர் தண்ணீரில் 40 கிராம் சலவை சோடா கரைத்து இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்க விடுங்கள். அடுப்பு ஆசிரியர் கையில் மட்டும். எரிசோடாவைப் பள்ளியில் இதற்குப் பயன்படுத்தவே கூடாது, ஆந்த்ரகுயினோனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சலவை சோடாவுக்கே கையுறை போட வையுங்கள். வெந்ததை நன்றாகக் கழுவி, மிக்சியில் அடித்து, கொசுவலை கட்டிய சட்டத்தில் வார்த்து உலர்த்தினால் முரட்டுப் பழுப்புத் தாள் கிடைக்கும். திரும்ப எடை போடுங்கள். 100 கிராமில் எவ்வளவு மிஞ்சியது என்பதுதான் பாடம். ஒரு குழு சக்கையை நீளமாகவும், இன்னொரு குழு விரற்கடை அளவில் நறுக்கியும், மூன்றாவது குழு சோடா இல்லாமலும் செய்தால் புறப்பரப்பும் செறிவும் கண்ணுக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் சோடா இல்லாத சட்டியில் கடைசிவரை சக்கை சக்கையாகவே கிடந்தது.

சக்கைக்குக் கடைக்காரரிடம் காலையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். மாலைவரை கோணியில் கட்டிக் கிடந்தால் புளித்துவிடும், ஈ மொய்க்கும். எலுமிச்சைத் தோலும் இஞ்சித் துண்டும் நிறையக் கலந்திருக்கும், எடை போடுவதற்கு முன் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.